நாற்பது நாள் தவணை

கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் வின்ரார் நிரலை வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்தப் பெட்டியைத் தெரியும். நாற்பது நாள் தவணை முடிந்துவிட்டது, காசு கட்டுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று திரையில் வந்து நிற்கும். மூடினால் போய்விடும், வேலை ஒன்றும் கெடாது. நான் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துப் பார்த்துக்கொண்ட அலுவலகங்களில் வருஷக்கணக்காக அது கேட்டபடியே இருந்தது. ஓரிடத்தில் கணக்கு எழுதும் அம்மா, "இது தினமும் வருதே சார், கட்டலேன்னா நின்னுடுமா?" என்றார். நிற்காது என்றேன். "அப்புறம் எதுக்குக் கேக்கிறான்?"

இப்படிக் கேட்டு வாங்கும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் அமெரிக்காவில் மூன்று பேர். 1982-இல் கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், மோடம் வழியாகக் கணினிகள் பேசிக்கொள்ள பிசி-டாக் என்று ஒரு நிரல் எழுதினார். பொதுத் தொலைக்காட்சி நிலையம் நேயர்களிடம் நன்கொடை கேட்பதைப் பார்த்திருந்தவர், அதே பாணியில் நிரலோடு ஒரு குறிப்பு வைத்தார்: நகலெடுங்கள், நண்பர்களுக்குக் கொடுங்கள், உபயோகப்பட்டால் 25 டாலர் அனுப்புங்கள். சியாட்டில் பக்கம் ஐபிஎம் ஊழியர் ஜிம் நாப்ஃ, பிசி-ஃபைல் என்ற தகவல் தொகுப்பு நிரலை இதேபோல் சுற்றுக்கு விட்டிருந்தார். இருவரும் ஒருவர் நிரலை மற்றவர் பரிந்துரைத்துக்கொண்டார்கள். 1984-இல் நாப்ஃ வேலையையே விட்டுவிட்டார். அந்த அளவுக்குக் காசோலைகள் வந்தன.

மூன்றாமவர் பாப் வாலஸ், மைக்ரோசாஃப்டின் முதல் பத்து ஊழியர்களில் ஒருவர். 1983-இல் வெளியே வந்து பிசி-ரைட் எழுதினார். பதிவுக்கட்டணம் 75 டாலர். நீங்கள் கொடுத்த நகலை வைத்து இன்னொருவர் பதிந்தால் உங்களுக்கு 25 டாலர் கமிஷன். ஓசி நகல் எடுப்பவனையே விற்பனைக்காரனாக்கிய இந்த யோசனை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஷேர்வேர் என்று பெயர் பெற்ற இந்தத் தொழிலுக்கு 1987-இல் சங்கமே அமைந்துவிட்டது.

இந்தச் சந்தைக்குள்தான் மில்வாக்கி நகரத்து பில் காட்ஸ் வந்தார். கோப்புகளைச் சுருக்க அப்போது இருந்தது ஆர்க். அதை வேகமாக்கி பிகேஆர்க் என்று விட்டார். ஆர்க் செய்த நிறுவனம் 1988-இல் வழக்குப் போட்டது. அவர்கள் நிரலின் பகுதிகளை, உள்ளே இருந்த எழுத்துப்பிழையோடு, காட்ஸ் எடுத்திருந்தார். நியாயம் அவர்கள் பக்கம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பயனாளிகளின் அனுதாபம் எல்லாம் தனி ஆளான காட்ஸ் பக்கம். சமரசத்துக்குப் பிறகு பிகேஆர்க்கை விட்டுவிட்டு, 1989-இல் பிகேஜிப் கொண்டுவந்தார். ஜிப் கோப்பின் அமைப்பை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டும் விட்டார்.

சென்னை ரிச்சி தெருவில் கணினிப் பெட்டி பூட்டிக்கொடுத்த நாட்களில் என் பையில் எப்போதும் பிகேஜிப் பிளாப்பி ஒன்று இருக்கும். ஒரு பிளாப்பியில் 1.44 எம்பிதான் கொள்ளும். பெரிய கோப்பைச் சுருக்கி நாலைந்து பிளாப்பியில் பிரித்து எடுத்துப் போவோம். வாடிக்கையாளர் இடத்தில் விரிக்கும்போது அது முதலில் கடைசி பிளாப்பியைத்தான் கேட்கும். ஒன்று என்று நம்பர் போட்டதையே திரும்பத் திரும்பச் செருகிவிட்டு டிரைவ் கெட்டுப்போச்சு என்று போன் செய்தவர்கள் உண்டு. ஜிப் கோப்பில் உள்ளே இருப்பவற்றின் பட்டியல் கோப்பின் வால்பகுதியில் இருக்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் முன்னால் இருப்பதைத் தொட வேண்டியதில்லை, பட்டியலை மட்டும் மாற்றி எழுதினால் போதும். அந்தப் பட்டியலைப் படிக்கத்தான் கடைசி பிளாப்பி. ஒவ்வொரு பதிவின் தலையிலும் பி, கே என்று காட்ஸின் முதலெழுத்துகள். இப்போதைய வேர்டு கோப்பையோ ஆண்ட்ராய்டு செயலியையோ நோட்பேடில் திறந்து பாருங்கள், முதல் இரண்டு எழுத்து அவைதான். காட்ஸ் குடியில் விழுந்து, 2000 ஏப்ரலில் ஒரு மோட்டல் அறையில் இறந்தபோது வயது 37.

கணினியின் இயங்குதளத்தில் சின்ன நிரல் பிழைப்பது ஒண்டுக்குடித்தனம் போல. வீட்டுக்காரருக்கு அந்த அறை வேண்டும் என்று தோன்றினால் கதை முடிந்தது. வட்டின் கொள்ளளவை இரட்டிப்பாக்கிக் காட்டும் ஸ்டாக்கருக்கு அப்படித்தான் ஆனது. 1993-இல் மைக்ரோசாஃப்ட் எம்எஸ்-டாஸ் 6-இல் டபுள்ஸ்பேஸ் என்று அதே வேலையை உள்ளேயே வைத்தது. ஸ்டாக்கரைச் செய்த ஸ்டாக் நிறுவனம் காப்புரிமை வழக்குப் போட்டு, 1994-இல் ஜூரி 12 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. எத்தனை சின்ன நிறுவனத்தால் அந்த வழக்குச் செலவைத் தாங்க முடியும்?

ஜிப் விஷயம் இன்னும் வேடிக்கை. டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் பொறியாளர் வீட்டில் ஓய்வு நேரத்தில் ஜிப் கோப்புகளைத் திறக்கும் விஷுவல்ஜிப் எழுதி ஷேர்வேராக விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் மைக்ரோசாஃப்டிலிருந்தே அதை வாங்கிக்கொள்வதாக அழைப்பு வந்தது. அவர் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று அழைத்தவருக்குத் தெரியாது. விற்றார்; அந்தப் பணத்தில் சிவப்பு கார்வெட் ஒன்று வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த நிரல்தான் 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வாங்கிய எல்லோர் வீட்டுக்கும் போனது. அதே வேலையைச் செய்யும் வின்ஜிப்பை 1991 முதல் விற்றுவந்த நிகோ மாக்கின் நிறுவனம் 2006-இல் கோரல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

நம் ஊரில் காசு கட்டாததற்கு மனசு மட்டும் காரணமில்லை. வின்ரார் உரிமத்துக்கு 29 டாலர் என்றால் அன்றைக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய். டாலரில் அனுப்ப வழி தெரிந்தவர் எத்தனை பேர்? ஆனால் அதே ஆட்கள் டிடிபி கடைகளில் தமிழ் எழுத்துரு மென்பொருளுக்குப் பல ஆயிரம் கொடுத்தார்கள், ஏனென்றால் பிரிண்டர் கேபிள் செருகும் இடத்தில் டாங்கிள் என்ற பூட்டுக் கருவியை மாட்டாமல் அது ஓடாது. டாங்கிள் தொலைந்தால் கடையே நிற்கும். யூனிகோடும் இலவசத் தட்டச்சு நிரல்களும் வந்தபின் அந்தத் தொழிலும் சுருங்கிப்போனது.

கணக்கம்மாவுக்கு என் பதில்: கேட்பது உங்களையல்ல, உங்கள் முதலாளியை. ரஷ்யாவில் யூஜின் ரோஷல் 1993-இல் உண்டாக்கிய, வின்ராருக்கு அடிப்படையான ரார், வீடுகளில் ஓசியில் பரவியதால்தான் அலுவலகங்களுக்குள்ளும் வந்தது. அலுவலகத்துக்கு ஒருநாள் ஆடிட் வரும். நான் பார்த்த ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளர் மென்பொருள் உரிமப் பட்டியல் கேட்ட மறுவாரமே எல்லாக் கணினிக்கும் உரிமம் வாங்கினார்கள். அதுவரை அந்த முதலாளி, "ஓடுதில்ல, விடுய்யா" என்றவர்தான். ஆனால் வின்ரார் உரிமம் ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும். அடுத்த வருஷம் அதே அலுவலகத்தில் விற்க ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் மாதச் சந்தாவுக்கு ஏன் ஓடுகிறார்கள் என்பது புரியும். ஒரு கோப்பை விரிக்க மாதாமாதம் பணம் கொடுக்க எனக்கே மனசு வராது.

2023-இல் விண்டோஸ் 11 ரார் கோப்பையும் தானே திறக்கத் தொடங்கியது. உருவாக்குவது மட்டும் இன்னும் வின்ராரிடம் இருக்கிறது. அந்த முறையை ரோஷல் யாருக்கும் திறந்துவிடவில்லை. காட்ஸ் திறந்துவிட்டார், ஜிப் உலகமெங்கும் போனது. வியாபாரமாக எது சரி என்று கேட்டால் ரோஷல் செய்தது என்பேன்.

இன்றைக்குத் தனியாக ஒருவர் விண்டோஸுக்கு நிரல் எழுதி விற்க வந்தால், வாங்கியவர் திறந்ததும் நீலப் பெட்டியில் எச்சரிக்கை வரும். 'எப்படியும் இயக்கு' என்ற பொத்தான் உடனே கண்ணில் படாது, 'மேலும் விவரம்' என்பதை அழுத்தித் தேட வேண்டும். அந்த எச்சரிக்கையைக் குறைக்கக் கையொப்பச் சான்றிதழ் வேண்டும். முதல் பிரதி விற்கும் முன்னாலேயே வருஷத்துக்குச் சில நூறு டாலர். 2023 ஜூன் முதல் அந்தச் சான்றிதழின் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்று விதி. தனி ஆளுக்குப் பெரும்பாலும் தபாலில் வரும் யூஎஸ்பி டோக்கன். முன்பு டாங்கிள் மாட்டியது வாங்கியவர், இப்போது செய்தவர்.