சொறி மீனும் டெஸ்ட் டோஸும்

சென்ற மாதம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனையில் என் மனைவிக்கு ஊசி போடும் முன், நர்ஸம்மா தோலுக்கடியில் துளி மருந்தை ஏற்றிவிட்டு, "இதுக்கு முன்னாடி எந்த ஊசியாவது ஒத்துக்காம போயிருக்காம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கடல் பிராணி இருக்கிறது.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நாளில், கரையில் ஒதுங்கிய நீலக் குமிழ் ஒன்றைக் காலால் தட்டி, ராத்திரி முழுக்க அலறியவன் நான். மீனவர்கள் அதைச் சொறி என்பார்கள். உண்மையில் அது ஒரே பிராணி அல்ல. பல சிற்றுயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். பெயர் பைசாலியா. மிதக்கும் பைக்குக் கீழே நீண்ட நூல்கள். அவற்றில் தொட்டால் பாயும் நுண்ணிய விஷ ஊசிகள். செத்துக் கரை ஒதுங்கினாலும் கொட்டும். (மணலை அள்ளித் தேய்க்காதீர்கள், இன்னும் கொட்டும். கடல் நீரால் கழுவுங்கள்.)

1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சென்ற ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் இதன் விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பியதும் பைசாலியா கிடைக்கவில்லை. அதன் உறவான கடல் அனிமோனின் விஷத்தை நாய்களுக்கு ஏற்றினார்கள். அம்மை குத்துவதைப் போல, சிறிது கொடுத்தால் உடம்பு பழகித் தாங்கும் என்பது கணக்கு.

நெப்டியூன் என்ற திடமான நாய் 1902 ஜனவரியில் ஏற்றிய அளவைத் தாங்கியது. மூன்று வாரம் கழித்து மறுபடி ஏற்றினார்கள். சில விநாடிகளில் மூச்சு இரைத்தது; 25 நிமிடத்தில் செத்தது. பழக வேண்டிய உடம்பு பகைத்துக்கொண்டது! காப்புக்கு எதிரானது என்ற பொருளில் 'அனபிலாக்சிஸ்' என்று பெயரிட்டார் ரிஷே. 1913இல் நோபல் பரிசு அவருக்கு மட்டும், போர்த்தியேவுக்கு இல்லை. அது எனக்கு இன்றும் நெருடல்தான்.

1968இல் என் பெரியப்பா மகன், வேறோர் ஊரில், காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட அரை மணிக்குள் போய்விட்டார். அதற்கு முந்தின தடவை அதே ஊசிக்கு உடம்பெல்லாம் தடித்திருந்தது. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. விதி என்றார்கள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மனைவி. நான் குறுக்கிட்டு, பத்து வருஷத்துக்கு முன் ஒரு மாத்திரைக்கு அவளுக்கு உதடு வீங்கியதைச் சொன்னேன். நர்ஸம்மா சீட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார்.