பல் இம்ப்ளான்ட்டும் வாய்ப் புற்றுநோயும்

விழுந்த பல்லுக்கு மாற்றாகத் தாடையெலும்பில் பதிக்கும் டைட்டேனியத் திருகு புற்றுநோய்க்கு வழிவிடுமா என்பது பல் மருத்துவத்தில் அவ்வப்போது எழும் ஐயம். பல மாநிலத் தொழிலாளர் கூடி வாழும், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் இதைப் புகையிலையை விட்டுவிட்டுப் பேச முடியாது.

தென்னாட்டு வாய்ப் புற்றுநோய் பற்றிய பழைய பெருந்தொகுப்புகள் நெய்யூரிலிருந்து வந்தவை. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள இவ்வூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இங்கிருந்த லண்டன் மிஷன் மருத்துவமனையின் பென்டால் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றியும், ஃபெல்ஸ் 209 வாய்ப் புற்று அறுவைகளைப் பற்றியும் 1908-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். 1933-இல் ஐ. எம். ஓர் என்பவர் ‘லான்செட்’ இதழில் வெற்றிலை போடுவோரை ஆராய்ந்து புகையிலையின் பக்கம் விரல் நீட்டினார். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் எழுந்த புற்றுநோய் நிலையத்தின் சாந்தா, கிருஷ்ணமூர்த்தி ஆகியோரின் 1959-ஆம் ஆண்டு ஆய்வும் இவ்வழியிலேயே சென்றது. கூர்ப்பல், பொருந்தாத கட்டுப்பல் ஆகியவற்றின் ஓயாத உரசலே காரணம் என்ற கொள்கை மெல்லப் பின்வாங்கியது. இம்ப்ளான்ட் பற்றிய ஐயத்தை அக்கொள்கையின் பேரப்பிள்ளை எனலாம்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985-இலும், பாக்கைத் தனியாகவே 2004-இலும் புற்று உண்டாக்குபவை என அறிவித்தது. டைட்டேனிய இம்ப்ளான்ட்களை 1999-இல் மூன்றாம் தொகுதியில், அதாவது தீர்ப்புச் சொல்லப் போதிய சான்றில்லாதவற்றில், வைத்தது.

1965-இல் ஸ்வீடனில் பிரானேமார்க் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் பொருத்தினார். அதை ஒட்டிப் புற்று வந்ததாகப் பின்னர் பதிவானவை பெரும்பாலும் கீழ்த்தாடையில். பலருக்கு முன்பே வாய்ப் புற்றோ, வெண்படலமோ, லைக்கன் பிளானஸ் என்னும் நாள்பட்ட அழற்சியோ, புகையிலைப் பழக்கமோ இருந்தது. ஆகவே பழி திருகின் மேல் அன்று என்பதே கொள்ளத்தக்கது. கைனி என்னும் புகையிலையைச் சுண்ணாம்போடு உள்ளங்கையில் கசக்கி ஒதுக்குவதும் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில்தான்.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. புற்று வந்தால் ஈறு சிவந்து தடிக்கும், தொட்டால் ரத்தம் கசியும், எக்ஸ்ரேயில் எலும்பு கரைந்து தெரியும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி வரும் சாதாரண அழற்சிக்கும் இவையே அறிகுறிகள். சுத்தம் செய்து மாத்திரை கொடுத்து அனுப்புவதிலேயே மாதங்கள் போய்விடும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணுக்குப் பயாப்சி தேவை.

புகையிலையைப் பொறுத்தவரை, 2013 முதல் தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை உண்டு. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆந்திர எல்லையில் குட்கா பிடிபடுவது தொடர்கிறது. ஆறாத புண்ணைக் காட்டத் திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.