எந்தப் படி? எந்த மரக்கால்?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். "அந்தக் காலத்துப் படியிலே அன்பு இருந்தது, இந்தக் கிலோவிலே கணக்குதான் இருக்கு" என்றார். கேட்க நல்லாத்தான் இருக்கு. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்தப் படி, ஐயா? (சிரிப்பு)

வாய்பாட்டில் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். அழகான கணக்கு! வாய்பாட்டை மூடிவிட்டுக் கடைவீதிக்கு வாருங்கள். சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி என்று வரிசையாக நிற்கும். ஓர் ஊரில் மரக்காலுக்கு 8 படி. இன்னோர் ஊரில் 4 படி. தலை தட்டி அளந்தால் ஒரு கணக்கு, குவித்து அளந்தால் வேறு கணக்கு. எடைக்கு வாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மணங்கு 25 ராத்தல். வங்காள மணங்கு 82 ராத்தலுக்கும் மேலே!

இதில் நஷ்டம் யாருக்கு? மரக்காலைக் கையில் வைத்திருந்தவருக்கா? இல்லை. களத்துமேட்டில் கூலிக்குத் துண்டை விரித்து நின்றவருக்கு! நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணமாட்டார், 'லாபம்' என்பார். மங்கலமான வழக்கம்தான். ஆனால் யாருக்கு லாபம் என்பது அந்த மரக்காலின் வயிற்றைப் பொறுத்தது! (கைதட்டல்)

இது வெறும் வேடிக்கை இல்லை. கீழத் தஞ்சையில் கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தானே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் தீயில் போயின? மரக்காலில் ஒரு கை நெல் கூடினால், குறைந்தால், ஒரு குடும்பத்தின் உலை கொதிப்பதும் கொதிக்காததும் அதைப் பொறுத்தது.

ராஜராஜ சோழனுக்கு இது தெரிந்திருந்தது. 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். பொன்னை 'ஆடவல்லான்' என்ற கல்லால் நிறுத்தார்கள். மணிகளைத் 'தட்சிணமேரு விடங்கன்' என்ற கல்லால் நிறுத்தார்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம் என்றும் பொறித்துவைத்தார்கள். ஏன்? 'மரக்கால்' என்று மட்டும் எழுதினால், 'எந்த மரக்கால்?' என்று கேள்வி வரும்!

கோயிலுக்குச் சோழன் செய்ததைக் குடிமக்கள் எல்லோருக்கும் செய்தது 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம். வாங்குபவர் ஏழையோ பணக்காரரோ, கிலோ கிலோதான்.

அன்பு அளக்கிற கையில் இருக்கட்டும் நடுவர் அவர்களே, வேண்டாம் என்று சொல்லவில்லை. அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்று கூறி அமர்கிறேன்.