சீஸ் தின்னா ஆபத்தா? மாத்திரைகளின் குட்டி வரலாறு

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்ட நண்பன் ஒருத்தன், வாய் உலருதுன்னு டாக்டரைக் கேக்காமலே நிறுத்திட்டான். ஒரு வாரம் தலைசுத்தல், தூக்கமே இல்லை. அவனுக்குச் சொன்ன கதைதாங்க இந்தப் பதிவு.

1952, நியூயார்க் ஸீ வியூ மருத்துவமனை. காசநோய்க்கு ஐப்ரோனியசிட் கொடுத்தா, நோயாளிங்க உற்சாகமாயிட்டாங்க! எம்.ஏ.ஓ. தடுப்பான் வகையின் ஆரம்பம் அதுதான். ஆனா இந்த மாத்திரையோட பழைய சீஸ் தின்னா ரத்த அழுத்தம் எகிறும். சீஸில் உள்ள டைரமினை உடைக்கிற நொதியையே மாத்திரை முடக்கிடுதே! லண்டனில் பாரி பிளாக்வெல் 1963இல் இதை எழுதினார்.

மனச்சிதைவுக்கு உதவாத இமிப்ரமின், மனச்சோர்வுக்கு உதவுதுன்னு சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் 1957இல் எழுதினார். இது டிரைசைக்ளிக் வகை. சீஸ் பயம் இல்லை. ஆனா வாய் உலரும், மலச்சிக்கல் வரும். அளவு மீறினா இதயத்துக்கே ஆபத்து.

1987 டிசம்பரில் அமெரிக்கா அனுமதிச்ச புரோசாக், எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. அளவு மீறினாலும் முந்தைய வகை அளவுக்கு ஆபத்தில்லை. பதிலுக்கு குமட்டல், தூக்கக் கோளாறு, தாம்பத்தியச் சிக்கல் வரலாம்.

ஆக, ஒரு தொல்லை போனா இன்னொண்ணு வந்திருக்கு. "ஒத்துக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லு, வேற வகை இருக்கு. நீயா நிறுத்தாதே"ன்னேன். மறுநாளே போனான். உங்க நண்பர்களுக்கும் சொல்லி வைங்க மக்களே!