வாலாஜாவின் வரலாற்றாசிரியர்

புதுப்பட்டினத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை இன்று சிதைந்து நிற்கின்றது. 1754 ஜனவரியில் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கம்பெனிகளின் தூதர்கள் அவ்வூரிலேதான் கூடினர். கருநாடகத்தின் உண்மையான நவாபு யார் என்பதே வழக்கு. பிரெஞ்சுக்காரர் ஸனதுகளைக் காட்டினர். ஆங்கிலேயரோ அவற்றை ஐயுற்று, முஹம்மது அலியே நவாபு என்று வாதித்தனர். பேச்சு முறிந்தது.

அந்த முஹம்மது அலி வாலாஜாவின் உரிமையைப் பார்ஸி மொழியில் நிலைநாட்ட எழுந்த நூலே ‘துஸ்கெ வாலாஜாஹி’. நவாபின் ஆணைப்படி அதனை இயற்றியவர் புர்ஹான் இப்னு ஹஸன். அவருக்கு முன்பே அரசவைப் புலவர் அப்ஜதீ, நவாபின் தந்தை அன்வாருத்தீன் கானின் வீரத்தை ‘அன்வர் நாமா’ எனும் மஸ்னவியாகப் பாடி, ‘மலிகுஷ் ஷுஅரா’ பட்டமும் 6,700 ரூபாயும் பெற்றிருந்தார். கவிதைக்கு அது பொருத்தமான பரிசே. வரலாற்றுக்கு அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

புர்ஹான் நவாபின் குலமரபைக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் வரை கொண்டு செல்கின்றார். 1749இல் அன்வாருத்தீன் ஆம்பூர்ப் போரில் வீழ்ந்ததையும், அதன் பின் சந்தா சாஹிபோடு நிகழ்ந்த போராட்டத்தையும் விரித்துரைக்கின்றார். நூலின் கதை 1761இல் புதுச்சேரி வீழ்ந்ததோடு நின்றுவிடுகின்றது. அவர் எழுதிய காலமோ 1780களை ஒட்டியது. அதற்குள் செங்கற்பட்டுச் சீமை கம்பெனியின் ஜாகீராகிவிட்டது. 1780இல் ஹைதர் அலியின் படை ஆற்காட்டைக் கைப்பற்றியது. 1781 டிசம்பரில் நாட்டின் வரி வருவாயையே நவாபு கம்பெனியிடம் ஒப்படைத்தார். வெற்றியில் முடியும் நூல், தோல்வியின் நடுவே எழுதப்பட்டதென்பதை வாசகர் நினைவில் இருத்த வேண்டும்.

அதற்காக நூலைத் தள்ளிவிடலாமா? கூடாது. ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த வழி வேறு: அறிவிப்பவர் யார், எவருக்குச் சார்பானவர், தாம் நேரில் கண்டாரா என்று வினவிப் பின்னரே ஏற்பதும் விடுப்பதும். கம்பெனியார் எழுதிய வரலாறுகளும் இதே உரைகல்லுக்கு உட்பட்டவைதாமே! அவர்கள் ஏடுகளை மட்டும் நம்பினால், இந்நாட்டு அரசவை தன்னை எவ்வாறு கண்டது என்பதை நாம் அறிய வழியில்லை.

பார்ஸி ஓதுவோர் நம்மிடையே அருகிவிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பார்ஸி, உர்தூத் துறையில் பணியாற்றிய நம் தமிழறிஞர் முஹம்மது ஹுஸைன் நயினார், இந்நூலை 1934இலும் 1939இலும் இரு பகுதிகளாக ஆங்கிலத்தில் பெயர்த்தளித்தார். புர்ஹானைத் தேடுவோர்க்கு அதுவே இன்றும் எளிய வாயில்.