ஊர் தெரியாத குரல்: ஜிம் ரீவ்ஸ், நோர்வே, இலங்கை

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று, நாஷ்வில் நகருக்கு அருகே தாமே ஓட்டிவந்த சிறு விமானம் இடிமழையில் விழுந்ததில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 40. அமெரிக்க மண்ணை மட்டும் வைத்து எழுதினால் அவர் வாழ்க்கை வரலாறு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் நோர்வேயின் முதல் இருபது ஆல்பங்களின் பட்டியலில் அவருடைய இசைத்தட்டுகள் மொத்தம் 696 வாரங்கள் இடம்பிடித்திருக்கின்றன. இலங்கையில் அவருக்குக் கிடைத்த செல்வாக்கு வேறெந்த ஆங்கிலப் பாடகருக்கும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. டெக்சஸ் மாநிலத்துக் கிராமம் ஒன்றில் 1923இல் பிறந்தவரின் குரல், ஒன்றையொன்று அறியாத இவ்விரு நாடுகளிலும் எப்படி ஊன்றிக்கொண்டது?

இந்தக் கேள்வியை எழுப்ப ஹொல்ம்லியா பொருத்தமான இடம். ஒஸ்லோவின் தெற்கு எல்லைப்புறத்தில், முதன்மையாக 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கட்டியெழுப்பப்பட்ட குடியிருப்பு அது. அது அடங்கிய சொந்த்ரே நோர்ட்ஸ்ட்ராண்ட் வட்டாரத்தில் குடியேறியோரும் அவர்கள் பிள்ளைகளும் பாதிக்கு மேற்பட்டோர். ஈழத்தமிழரும் அவர்களில் அடங்குவர். 2001 ஜனவரி 26 அன்று பதினைந்து வயதுச் சிறுவன் பெஞ்சமின் ஹெர்மன்சன் புதுநாசிகளால் கொல்லப்பட்ட பிறகு ஹொல்ம்லியாவின் பெயர் உலகெங்கும் தெரிந்தது. மைக்கேல் ஜாக்சன் அந்த ஆண்டு வெளியிட்ட ‘இன்வின்சிபிள்’ ஆல்பத்தை அவனுக்குக் காணிக்கையாக்கினார். இத்தகைய இடத்தின் இசை என்றதும் ராப் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்கடியில், வயதானோர் நினைவில், இன்னொரு படிவு இருக்கிறது என்பதே என் வாதம்.

ரீவ்ஸ் தொடக்கத்தில் இப்படிப் பாடியவரல்லர். பேஸ்பால் வீரராக விரும்பியவர்; காயம் அந்த வழியை அடைத்ததும் வானொலி அறிவிப்பாளரானார். 1953இல் வெற்றிபெற்ற ‘மெக்சிகன் ஜோ’வில் அவர் குரல் உயர்ந்து, உரத்து, துள்ளுகிறது. 1957இல் ‘ஃபோர் வால்ஸ்’ பதிவின்போதுதான் குரலைத் தாழ்த்தி, உதடு ஒலிவாங்கியைத் தொடுமளவு நெருங்கிநின்று பாடினார். தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ் அதற்கு இடங்கொடுத்தார். ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் விலகின. பியானோவும் பின்னணிக் குழுக்குரல்களும் முன்வந்தன. 1959இன் இறுதியில் வந்த ‘ஹீ'ல் ஹேவ் டு கோ’ இம்முறையின் உச்சம்.

நாஷ்வில் பாணி எனப்படும் இந்த மாற்றம் கன்ட்ரி இசையின் கிராமத்து உயிரைப் பறித்துவிட்டது என்பது பழைய குற்றச்சாட்டு. அந்த இழப்பு உண்மையானது. முந்தைய கன்ட்ரிப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸைக் கேட்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆயினும், டெக்சஸின் மூக்கொலியும் கிராமத்து நடன மேடையின் ஓசையும் நீங்கியதனால்தான் அவர் குரல் கடல் கடந்தது என்று நான் கருதுகிறேன். கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒருவரிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக உச்சரிக்க வானொலித் தொழில் அவரைப் பழக்கியிருந்தது. பள்ளியில் ஆங்கிலம் கற்ற, நோர்வேயின் பேர்கன் நகர மாணவருக்கும் யாழ்ப்பாணத்து மாணவருக்கும் முதல் முறையிலேயே விளங்கிவிடும் பாட்டு அது.

நோர்வேயில் கன்ட்ரி இசை வேரூன்றியதற்குப் புலம்பெயர்வைக் காரணம் காட்டுவார்கள். நூறாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 8 லட்சம் நோர்வேஜியர் அமெரிக்கா சென்றனர். பியோரோ ஹோலாண்ட் போன்ற பாடகர்கள் அங்கே உழைத்துத் திரும்பியவர்கள். இது நோர்வேக்குப் பொருந்தும், இலங்கைக்குப் பொருந்தாது. இலங்கையிலிருந்து அன்று அமெரிக்காவுக்குத் திரளாகப் போனவர்கள் இல்லை. ஆகவே இரு நாடுகளுக்கும் பொதுவான காரணத்தைத் தேடவேண்டும்.

அந்தக் காரணம் வானொலி. நோர்வேயில் அரசு நிறுவனமான என்ஆர்கே மட்டுமே ஒலிபரப்பியது; அது ஒலித்ததை நாடே கேட்டது. 1964 ஏப்ரலில் ஒஸ்லோவின் நியோர்ட்ஹாலன் அரங்கில் அட்கின்ஸ், பாபி பேர், அனிட்டா கெர் குழுவினர் ஆகியோருடன் ரீவ்ஸ் மேடையேறிய நிகழ்ச்சியை என்ஆர்கே படம்பிடித்துப் பின்னர் பலமுறை ஒளிபரப்பியது. மூன்றரை மாதத்தில் அவர் இறந்துபோனதால் விருந்தாளியின் நிகழ்ச்சி நினைவுநிகழ்ச்சியாயிற்று. அந்த ஆண்டில் முதலிடம் எட்டிய ‘ஐ லவ் யூ பிகாஸ்’ நோர்வேப் பட்டியலில் 39 வாரங்கள் நின்றது. தெற்காசியாவில் அந்த இடத்தை வகித்தது இலங்கை வானொலி. 1950இல் தொடங்கிய அதன் வர்த்தக சேவை சிற்றலையில் இந்தியா முழுதும் கேட்டது.

இன்னொரு காரணம் பக்திப் பாடல்கள். 1963இல் வெளிவந்த அவருடைய கிறிஸ்துமஸ் பாடல்தொகுப்பு இலங்கையில் நத்தார் காலத்தின் பகுதியாகவே ஆயிற்று. கிறிஸ்தவ எல்லையோடும் அது நிற்கவில்லை. ராபர்ட் ஸ்வபோதா எழுதிய நூல்களில் வரும் அகோரி விமலானந்தா ரீவ்ஸைக் கந்தர்வர் என்றே கருதினார். விமலானந்தாவின் தகனத்தின்போது ரீவ்ஸ் பாடிய பக்திப் பாடல் ஒலித்தது.

ஊர் அடையாளம் நீங்கிய குரலைப் புகழும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இன ஒதுக்கல் ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் ரீவ்ஸ் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடிப் புகழ்பெற்றார். 1963இல் அங்கே ஒரு படத்திலும் நடித்தார். அந்தக் குரல் எவரையும் தொந்தரவு செய்யவில்லை. ரீவ்ஸின் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே ஆர்சிஏ நிறுவனம் 1966இல் கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடின் முதல் இசைத்தட்டை வெளியிட்டபோது வானொலி நிலையங்களுக்கு அவர் படத்தை அனுப்பவில்லை. ரீவ்ஸ் ஊரை மட்டும் மறைத்தால் போதுமாயிருந்தது. பிரைட் முகத்தையும் மறைக்க வேண்டியிருந்தது. தோல் நிறத்துக்காக ஒரு சிறுவன் கொல்லப்பட்ட ஹொல்ம்லியாவிலிருந்து எழுதும் எவரும் இந்த வேறுபாட்டைக் கடந்துபோக முடியாது.

இனி இவ்விரு நாட்டாரும் சந்தித்த கதை. 1956இல் யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் நோர்வே வந்தார். அவரைத் தொடர்ந்து நாட்டார் உயர்பள்ளி மாணவர்களாகவும், வடக்கே மீன்பதனிடும் ஆலைகளில் தொழிலாளர்களாகவும், பின்னர் போரிலிருந்து தப்பிய அகதிகளாகவும் ஈழத்தமிழர் வந்து, பலர் ஒஸ்லோவை அடைந்தனர். மூத்தவர்கள் இலங்கை வானொலியில் காது வளர்த்தவர்கள். அவர்களுடைய நோர்வேஜிய அயலார் என்ஆர்கேயில் காது வளர்த்தவர்கள். ‘ஒருங்கிணைவு’ குறித்த ஆய்வுகள் மொழித்தேர்ச்சியையும் வேலைவாய்ப்பையும் அளக்கின்றன. இரு சாராரும் சந்திப்பதற்கு முன்பே ஒரே பாடகரைக் கேட்டிருந்தார்கள் என்பதை அளக்க அவற்றில் வழியில்லை. வாய்மொழி வரலாற்றாலேயே அது முடியும். 1964இல் இளைஞராக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்கிவிட்டார்கள், சிலர் தாண்டியும் விட்டார்கள். நியோர்ட்ஹாலன் நிகழ்ச்சியின் படச்சுருள் காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். அதைக் கேட்டவர்களின் சொற்களை டைக்மன் நூலகத்தின் ஹொல்ம்லியா கிளையிலோ தமிழ் முதியோர் கூடும் மண்டபங்களிலோ, நோர்வேஜிய மொழியிலும் தமிழிலும், இந்தச் சில ஆண்டுகளுக்குள் பதிவுசெய்ய வேண்டும்.