படகுகளிலும் கப்பல்களிலும் தவறி விழுவதால் ஏற்படும் காயங்கள்

ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகு, கரை திரும்ப ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே, கரையில் எளிதில் குணப்படுத்தக்கூடிய காயமும் கடலில் உயிருக்கு ஆபத்தாக மாறலாம். தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவை கீழே தரப்பட்டுள்ளன.

எவ்வாறு நிகழ்கின்றன?

மீன் கழிவும் எண்ணெயும் படிந்த தளத்தில் வழுக்குதல், வலை அல்லது கயிற்றில் கால் சிக்குதல், ஏணியிலிருந்து விழுதல், திறந்து கிடக்கும் மீன் கிடங்கினுள் விழுதல் ஆகியவை முதன்மையான காரணங்களாகும்.

மீன் கிடங்கு: தனி எச்சரிக்கை

அழுகிய மீனிலிருந்து வெளியாகும் நச்சு வாயு மூடிய கிடங்கினுள் தேங்கும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால், கால் இடறி விழுந்தார் என எண்ணி உடனே இறங்காதீர்கள். காப்பாற்ற இறங்குபவரும் சில நொடிகளில் மயங்கி விழக்கூடும். மூடிகள் அனைத்தையும் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துங்கள். பிறரையும் உதவிக்கு அழையுங்கள். மூக்கில் துணி கட்டுவது பாதுகாப்பு அளிக்காது.

உடனடியாகச் செய்ய வேண்டியவை

• விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு பலகையில் கிடத்துங்கள்.
• வாந்தி எடுத்தால், இருவர் அல்லது மூவர் சேர்ந்து உடல் முழுவதையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்புங்கள்.
• இரத்தம் கசியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடியுங்கள்.
• ஈர உடையைக் களைந்து போர்வையால் மூடுங்கள். உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும்.
• மது கொடுக்கக் கூடாது. தலையில் அடிபட்டிருந்தால் ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் தவிர்க்கவும்.
• வி.எச்.எஃப். 16-ஆம் அலைவரிசையிலோ, கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணிலோ உதவி கோருங்கள். படகு கரை சேருமுன்பே 108 அவசர ஊர்திக்குத் தகவல் தெரிவியுங்கள்.

அபாய அறிகுறிகள்

மண்டையோட்டினுள் இரத்தம் மெல்லத் தேங்கும்போது, விழுந்தவர் முதலில் தெளிவாகப் பேசி, சில மணி நேரம் கழித்தே நினைவிழக்கலாம். மீண்டும் மீண்டும் வாந்தி, கூடிவரும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, காது அல்லது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தலையில் அடிபட்டவரின் வாந்தியைக் கடல் ஒவ்வாமை எனக் கருதி விட்டுவிடாதீர்கள்.

கால் மரத்துப்போதல், சிறுநீர் பிரியாமை ஆகியவை தண்டுவடக் காயத்தைக் குறிக்கும். உயரத்திலிருந்து கால் ஊன்றி விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு முறிந்திருந்தால், முதுகெலும்பும் முறிந்திருக்கலாம். மருத்துவரிடம் விழுந்த விதத்தைத் தவறாமல் கூறுங்கள்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் நாளில் நோயாளியைத் தனியே விடாதீர்கள். முதியோருக்கும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோருக்கும் சில வாரங்கள் கழித்துக்கூட இரத்தக் கசிவு வெளிப்படலாம். நடையில் தள்ளாட்டமோ மறதியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை மீண்டும் கடலுக்குச் செல்ல வேண்டாம்.

தடுப்பு முறைகள்

தளத்தை அவ்வப்போது கழுவுங்கள். கிடங்கின் மூடியைத் திறந்தபடி விடாதீர்கள். வழுக்காத காலணி அணியுங்கள். இரவில் தளத்தில் போதிய வெளிச்சம் தேவை.

நிவாரணம்

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில், இறப்பு அல்லது நிரந்தர முழு ஊனத்திற்கு 5 லட்சம் ரூபாயும், நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு 2.5 லட்சம் ரூபாயும், மருத்துவமனைச் செலவிற்கு 25,000 ரூபாய் வரையும் வழங்க வகை செய்யப்பட்டுள்ளது. படகில் நிகழ்ந்த காயம் என்பதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே தெரிவித்து, விபத்துப் பதிவேட்டின் நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்க, உங்கள் பகுதி மீன்வளத்துறை அலுவலகத்தை அணுகவும்.